நடுக்காட்டில் நின்ற ஜீப்! காப்பாற்றியது மஞ்சள்தூள்!

சென்னையில் இருந்து தெற்கே சுமார் 50 கிலோ மீட்டர் தூரத்தில் இருக்கிறது, சிங்கப்பெருமாள் கோவில்.

சிறிய குன்று. குன்றைக் குடைந்து அமைத்த நரசிம்மர் கோவில். பல்லவர் காலத்துக் குடைவரை அது. நரசிம்மருக்கு நெற்றியில் ஒரு கண் உண்டு. ஊருக்குப் பெயர் வந்ததே இந்தச் சிங்கப் பெருமாளால்தான்.

இப்போது அந்த ஊருக்கு இன்னொரு பெருமையும் சேர்ந்திருக்கிறது. அது மோட்டார் பெருமை!

ஜி.எஸ்.டி. ரோட்டில் இருந்து அங்கே ஒரு சாலை பிரிகிறது. ஒரகடம் வழியாக ஸ்ரீபெரும்புதூருக்குப் போகும் சாலை அது. அந்தப் பக்கம் போனால் எங்கே பார்த்தாலும் தொழிற்சாலைதான். கார் செய்கிறார்கள். லாரி செய்கிறார்கள். டயர் செய்கிறார்கள். ஒரகடத்திலும், பக்கத்தில் உள்ள வல்லம் வடகாலிலும் ராயல் என்பீல்டு மோட்டார் சைக்கிள் செய்கிறார்கள். ஊருக்குத் தெற்கே, மகிந்திரா கம்பெனியின் ஆராய்ச்சி நிலையம். ஜீப் ரக வண்டிகளுக்கு அங்கேதான் உருவம் கொடுக்கிறார்கள்.

சந்திப்பில் சிறிது நேரம் நின்று பாருங்கள். கூண்டு லாரிகள் வரிசையாகப் போகும். உள்ளே புத்தம் புது வண்டிகள். ஒரு கீறல் இருக்காது. டயரில் ஒரு மண் இருக்காது.

இந்த வண்டிகள் எங்கே போகின்றன?

பெரும்பாலானவை உங்களையும் என்னையும் போல ஆபீசுக்கும் கடைக்கும் போகும். ஆனால், சில வண்டிகளுக்கு வேறு தலையெழுத்து. அவை காட்டுக்குப் போகும். பாலைவனத்துக்குப் போகும். பனிமலைக்குப் போகும். சாலையே இல்லாத இடத்தில் வண்டி ஓட்டுவதற்கென்றே ஒரு கூட்டம் இருக்கிறது. அதற்கு "ஆப்-ரோடிங்" என்று பெயர்.

சரி, அங்கே வண்டி கெட்டுப்போனால்?

பட்டறை கிடையாது. மெக்கானிக் கிடையாது. கூப்பிட டெலிபோனும் வேலை செய்யாது. கையில் இருப்பதுதான் சாமான். தெரிந்ததுதான் வித்தை!

எனக்கு நடந்தது

இது 1996-ஆம் ஆண்டு சித்திரை மாதம் நடந்தது. ஜவ்வாது மலையில் ஒரு கோவிலில் பொங்கல் வைப்பதாகச் சித்தி வேண்டிக்கொண்டிருந்தார். பழைய ஜீப் ஒன்றை வாடகைக்குப் பிடித்தோம். சித்தப்பா, சித்தி, இரண்டு குழந்தைகள், நான், டிரைவர். மொத்தம் ஆறு பேர்.

ஜமுனாமரத்தூருக்கு இன்னும் 14 கிலோ மீட்டர். "காட்டுப் பாதையில் போனால் சீக்கிரம் போய்விடலாம்" என்று சித்தப்பா சொன்னார். டிரைவருக்கு விருப்பம் இல்லை. ஆனாலும் திருப்பினார்.

சிறிது தூரம் போயிருப்போம். "டக்" என்று ஒரு சத்தம். கீழே கிடந்த மரக்கிளை நிமிர்ந்து முன்பக்கம் குத்திவிட்டது. அப்போது யாரும் அதைப் பெரிதாக நினைக்கவில்லை. பத்து நிமிடம் கழித்து என்ஜினில் இருந்து ஆவி கிளம்பியது.

டிரைவர் உடனே என்ஜினை நிறுத்தினார். குனிந்து பார்த்தார். ரேடியேட்டரில் ஓட்டை! தண்ணீர் கோடாக ஒழுகிக்கொண்டிருந்தது.

என்ஜினின் சூட்டை இழுத்துக்கொண்டு போவது ரேடியேட்டர் தண்ணீர்தான். அது இல்லாமல் ஓட்டினால் என்ஜின் உள்ளே இரும்பு சூட்டில் விரிந்து பிடித்துக்கொள்ளும். அப்புறம் வண்டி அவ்வளவுதான்.

மணி பிற்பகல் இரண்டு. சுற்றிலும் காடு. எங்களிடம் இருந்தது ஒரு குடம் குடிதண்ணீர்.

டிரைவர் தலையைச் சொறிந்தார். பிறகு சித்தியிடம் வந்தார்.

"அம்மா, மஞ்சள்தூள் கொண்டாந்திருக்கீங்களா?"

சித்தப்பாவுக்குக் கோபம் வந்துவிட்டது. "ஏம்ப்பா, வண்டி நின்னு கிடக்குது. நீ சமைக்கப் போறியா?" என்றார்.

டிரைவர் பதில் சொல்லவில்லை. சித்தி பொங்கல் சாமான் பையில் இருந்து பொட்டலத்தை எடுத்துக் கொடுத்தார்.

டிரைவர் அவசரப்படவில்லை. அரை மணி நேரம் காத்திருந்தார். சூடாக இருக்கும்போது ரேடியேட்டர் மூடியைத் திறந்தால், கொதிநீர் முகத்தில் பீறிட்டு அடிக்கும். முகம் வெந்துபோனவர்கள் உண்டு. அதனால் சூடு ஆறிய பிறகு, ஈரச் சாக்கை மூடி மேல் போட்டு, மெதுவாகத் திருகினார்.

மூன்று கரண்டி மஞ்சள்தூளை ஒரு தம்ளர் தண்ணீரில் கரைத்து ஊற்றினார். பிறகு என்ஜினைக் கிளப்பிவிட்டு, குடத்துத் தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாக விட்டார். சூடான இரும்பில் குளிர்ந்த தண்ணீரை ஒரேயடியாகக் கொட்டினால் இரும்பு வெடித்துவிடும் என்பது அவருக்குத் தெரிந்திருந்தது.

என்ன ஆச்சரியம்! கோடாக ஒழுகிய தண்ணீர், சொட்டுச் சொட்டாகக் குறைந்தது.

இதில் மந்திரம் எதுவும் இல்லை. மஞ்சள்தூள் தண்ணீரில் ஊறிப் பருக்கும். தண்ணீர் ஓட்டை வழியாக வெளியே ஓடும்போது தூளையும் இழுத்துக்கொண்டு போகும். தூள் ஓட்டையில் சிக்கி அடைத்துக்கொள்ளும். சிலர் கோழிமுட்டையை உடைத்து ஊற்றுவார்கள். கொதிநீரில் முட்டை வெந்து ஓட்டையை அடைக்கும். அடைப்பது முட்டையானாலும் மஞ்சளானாலும் தத்துவம் ஒன்றுதான்.

டிரைவர் இன்னொரு வேலையும் செய்தார். மூடியை முழுவதும் இறுக்கவில்லை. முதல் கட்டத்தோடு நிறுத்திவிட்டார். இறுக மூடினால் உள்ளே ஆவியின் அழுத்தம் கூடும், அடைப்பு பிய்த்துக்கொள்ளும்.

மீதி வழியை நான்கு இடங்களில் நின்று நின்று கடந்தோம். ஒவ்வொரு இடத்திலும் தண்ணீர் விடவேண்டும். குடத்தில் தண்ணீர் குறைந்துகொண்டே வந்தது. சின்னவன் "தண்ணீ, தண்ணீ" என்று அழுதான். ஜீப்புக்கு ஊற்றுவதா, பிள்ளைக்குக் கொடுப்பதா? சித்தி ஒரு தம்ளர் தண்ணீரைப் பிடித்து மடியில் வைத்துக்கொண்டார். "இதைத் தொடக்கூடாது" என்று டிரைவரிடம் சொல்லிவிட்டார். அந்தத் தம்ளர் பிள்ளைக்குத்தான் போயிற்று.

ஜமுனாமரத்தூர் போய்ச் சேர்ந்தபோது இருட்டிவிட்டது.

முதல் மெக்கானிக் ஒரு பெண்!

இப்படிக் கையில் கிடைத்ததைக் கொண்டு வண்டியை ரிப்பேர் செய்வது, மோட்டார் வண்டி பிறந்த காலத்திலேயே தொடங்கிவிட்டது. அதைச் செய்து காட்டியவர் ஒரு தாய்!

ஜெர்மனியில் காரல் பென்ஸ் என்பவர் பெட்ரோலில் ஓடும் மூன்று சக்கர வண்டி செய்தார். யாரும் வாங்கவில்லை. அவருடைய மனைவி பெர்த்தா, 1888-ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதத்தில் ஒருநாள் அதிகாலையில், கணவரிடம் சொல்லாமலே வண்டியை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டார். கூடவே இரண்டு மகன்கள். மான்ஹைமில் இருந்து போர்ட்ஸ்ஹைமில் உள்ள தாய் வீட்டுக்குப் பயணம். தூரம் 100 கிலோ மீட்டருக்கு மேல். அதற்குமுன் யாரும் காரில் அவ்வளவு தூரம் போனதில்லை.

வழியில் பெட்ரோல் குழாய் அடைத்துக்கொண்டது. பெர்த்தா தொப்பியில் குத்தியிருந்த ஊசியை எடுத்துக் குத்தி அடைப்பை நீக்கினார். மின்சாரக் கம்பி தேய்ந்து இரும்பில் உரசியது. காலுறையைக் கட்டும் நாடாவைக் கழற்றி, கம்பியில் சுற்றினார். எரிபொருள் தீர்ந்தது. அந்தக் காலத்தில் பெட்ரோல் பங்க் ஏது? வீஸ்லோக் என்ற ஊரில், துணிக்கறை போக்க விற்கும் எண்ணெயை மருந்துக் கடையில் வாங்கி ஊற்றினார். மேட்டில் வண்டி ஏறவில்லை. பிள்ளைகள் இறங்கித் தள்ளினார்கள்.

பிரேக் கட்டை தேய்ந்தபோது செருப்புத் தைப்பவரிடம் போனார். கட்டையின் மேல் தோலை வைத்து ஆணி அடித்துத் தரச் சொன்னார். பிரேக்குக்குத் தேய்மானப் பட்டை வைக்கும் பழக்கம் இப்படித்தான் வந்தது என்கிறார்கள்.

புல்லட் போன பாதை

இப்போது நம் ஊருக்கு வருவோம்.

1950-களின் தொடக்கத்தில், எல்லையைக் காக்கும் நம் ராணுவத்துக்கு நல்ல மோட்டார் சைக்கிள் தேவைப்பட்டது. இங்கிலாந்தில் செய்த "புல்லட்" வண்டியைத் தேர்ந்தெடுத்தார்கள். அந்த வண்டியை இங்கேயே செய்ய 1955-ல் சென்னையில் கம்பெனி உருவானது. திருவொற்றியூரில் ஆலை வந்தது. பிறகு இங்கிலாந்தில் அந்தக் கம்பெனி மூடப்பட்டது. சென்னையில் மட்டும் புல்லட் நிற்கவே இல்லை. 2013-ல் ஒரகடத்திலும், 2017-ல் வல்லம் வடகாலிலும் புதிய ஆலைகள் வந்தன. இமயமலைப் பாதைக்கென்றே "ஹிமாலயன்" என்ற வண்டியை 2016-ல் விற்பனைக்குக் கொண்டு வந்தார்கள்.

வங்கக் கடலோரம் பிறந்த வண்டி, லடாக்கில் போய் நிற்கிறது! எல்லைச் சாலை நிறுவனம் அங்கே 2021-ல் உம்லிங் லா என்ற கணவாய்க்குத் தார்ச் சாலை போட்டது. உயரம் 19,024 அடி!

மணாலியில் இருந்து லே போகும் பாதையில் தண்டி என்ற ஊர் இருக்கிறது. அங்கே பெட்ரோல் பங்கில் பல ஆண்டுகளாக ஒரு பலகை இருந்தது. "அடுத்த பங்க் 365 கிலோ மீட்டர்" என்று எழுதியிருக்கும். படித்தவர்களுக்கு வயிற்றைக் கலக்கும்.

அந்தப் பாதையில் போகும் அனுபவசாலிகள் என்ன செய்வார்கள் தெரியுமா? புது கிளச் வயரைப் பையில் வைக்கமாட்டார்கள். பழைய வயரின் பக்கத்திலேயே இழுத்து, டேப் சுற்றிக் கட்டிவிடுவார்கள். பழைய வயர் அறுந்தால், இரண்டு முனையை மாற்றினால் போதும். கை விறைக்கும் குளிரில், பெட்ரோல் டாங்கைக் கழற்றி வயர் கோக்க வேண்டியது இல்லை.

மாற்று வயரும் இல்லையா? அப்போதும் வழி உண்டு. வண்டியைத் தள்ளிக்கொண்டு ஓடி, ஏறி, கியரைத் தட்டுவார்கள். வண்டி ஒரு குலுக்குக் குலுக்கிக் கிளம்பும். பிறகு கிளச் இல்லாமலே, ஆக்சிலேட்டரைக் கொஞ்சம் தளர்த்திக் கியர் மாற்றுவார்கள். கியர் பெட்டிக்கு இது நல்லது அல்ல. ஆனால் ஊர் போய்ச் சேரலாம்.

பெட்ரோல் டாங்கில் கல் பட்டு ஒழுகினால், துணி துவைக்கும் சோப்பை எடுத்து ஓட்டையில் அழுத்தித் தேய்ப்பார்கள். ஒழுக்கு நின்றுவிடும். பெட்ரோல் சோப்பைக் கரைக்காது. ஆனால் தண்ணீர் கரைக்கும். அதனால் மழை வந்தால் திரும்பவும் தேய்க்கவேண்டும். பக்கத்தில் யாரும் பீடி, சிகரெட் பற்றவைக்கக்கூடாது என்பதைச் சொல்லவும் வேண்டுமா?

டயர் கிழிந்து, டியூபும் போய்விட்டால், டயருக்குள் புல்லையும் வைக்கோலையும் துணியையும் திணித்து உருட்டிக்கொண்டு போனவர்கள் உண்டு. மணலில் ஜீப் புதைந்தால், டயரில் பாதிக் காற்றை இறக்கிவிட வேண்டும். டயர் தட்டையாகி, அகலமாக மணலைப் பிடிக்கும். நம் கடற்கரையில் என்றால் தென்னை ஓலையைச் சக்கரத்துக்கு அடியில் போடுவார்கள். கெட்டித் தரைக்கு வந்ததும் மறக்காமல் காற்று அடித்துவிட வேண்டும். மறந்தால் டயர் சூடேறிக் கிழியும்.

லாரிக்காரர்களின் பாடு இன்னும் கஷ்டம். லடாக்கில் குளிர்காலத்தில் டீசல் மெழுகு போல் உறைந்துவிடும். டிரைவர்கள் டாங்கின் அடியில் தீ மூட்டி உருக்குவார்கள்! உயிரோடு விளையாடும் விளையாட்டு அது. வேறு வழியில்லாமல் செய்தார்கள். 2019-ஆம் ஆண்டு நவம்பரில், இந்தியன் ஆயில் நிறுவனம் லடாக்குக்கென்று தனி டீசல் கொண்டுவந்தது. பூஜ்யத்துக்குக் கீழே 33 டிகிரி குளிர் வரை அது உறையாமல் ஓடும்.

காரைப் பிரித்து மோட்டார் சைக்கிள்

அயல்நாட்டில் ஒருவர் செய்ததைக் கேட்டால் நம்ப முடியாது.

எமில் லெரே, பிரான்சு நாட்டுக்காரர். எலக்ட்ரீஷியன். 1993-ல் மொராக்கோ நாட்டின் தென்பகுதியில் பாலைவனத்தில் தனியாகக் கார் ஓட்டிப் போனார். சிட்ரோன் கம்பெனியின் சின்னக் கார் அது. பாறையில் மோதி, சக்கரத்தைத் தாங்கும் இரும்புக் கை ஒடிந்துவிட்டது. சட்டமும் வளைந்துவிட்டது.

மனித நடமாட்டம் இல்லை. கையில் இருந்த தண்ணீர் பத்து நாளைக்குத்தான் வரும்.

லெரே காரைப் பிரித்தார். உடம்பைத் தனியாகக் கழற்றி வைத்தார். இரவில் அதுவே வீடு. சட்டத்தை அறுத்துக் குறுக்கினார். என்ஜினை நடுவில் வைத்தார். இரண்டு சக்கரத்தை மாட்டினார். பற்றவைக்கும் கருவி கிடையாது. சுத்தியல், ரம்பம், குறடு, சில ஸ்பேனர். அவ்வளவுதான். மூன்று நாளில் முடியும் என்று நினைத்தார். பன்னிரண்டு நாள் பிடித்தது! கடைசியில் அரை லிட்டர் தண்ணீர்தான் மிச்சம்.

கார், மோட்டார் சைக்கிள் ஆகிவிட்டது. அதில் ஏறிக் கிளம்பினார். வழியில் போலீசார் கண்டு அழைத்துச் சென்றார்கள். பிழைத்தார்!

அதோடு கதை முடியவில்லை. "உங்கள் சீட்டில் கார் என்று எழுதியிருக்கிறது. நீங்கள் வைத்திருப்பது கார் இல்லையே" என்று சொல்லி அபராதம் போட்டுவிட்டார்களாம்!

விளையாடக்கூடாத இடம்

இவற்றை எல்லாம் படித்துவிட்டு, கயிறும் சோப்பும் இருந்தால் எதையும் சரி செய்துவிடலாம் என்று நினைக்கவேண்டாம்.

பிரேக்கில் கைவைத்தியம் கூடாது. பெர்த்தா அம்மையார் தோல் வைத்து அடித்தாரே என்று கேட்கலாம். அவருடைய வண்டி மணிக்கு 16 கிலோ மீட்டர் வேகம்தான் போகும். மலை இறக்கத்தில் பிரேக் எண்ணெய் ஒழுகினால், வண்டியை ஓரமாக நிறுத்திக் கல் கொடுத்துவிட்டு, ஆள் வரும்வரை உட்கார்ந்திருப்பதே நல்லது. ஒருநாள் போனால் போகட்டும்.

பியூஸ் போனால் சிகரெட் பெட்டியில் உள்ள ஈயத்தாளைச் சுற்றி வைப்பார்கள். இதுவும் ஆபத்து. பியூஸ் என்பது காவல்காரன். கம்பியில் மின்சாரம் மிஞ்சினால், தான் உருகி வண்டியைக் காப்பாற்றும். ஈயத்தாள் உருகாமல் நின்றால், கம்பி எரியும். பிறகு வண்டி எரியும். நாலு காசு பியூஸ் நான்கை டப்பாவில் போட்டு வைத்துக்கொள்வதில் என்ன கஷ்டம்?

புது வண்டியில் பலிக்குமா?

சிங்கப்பெருமாள் கோவில் சந்திப்பில் பார்த்தோமே, அந்தப் புது வண்டிகளில் இந்த வித்தை பலிக்குமா? பாதி பலிக்கும். பாதி பலிக்காது.

பழைய வண்டியில் கார்புரேட்டர் இருந்தது. பெட்ரோலையும் காற்றையும் கலந்து கொடுக்கும் கிண்ணம் அது. அடைத்தால் கழற்றி ஊதினால் போதும். பேட்டரி செத்தால் தள்ளி ஸ்டார்ட் செய்யலாம். அல்லது உதைக்கலாம்.

2020-ஆம் ஆண்டு ஏப்ரலில் புகைக் கட்டுப்பாடு கடுமை ஆயிற்று. கார்புரேட்டர் போயிற்று. கம்ப்யூட்டர் பார்த்துப் பெட்ரோலைப் பீய்ச்சும் முறை எங்கும் வந்துவிட்டது. பெட்ரோலைத் தள்ளும் பம்புக்கு மின்சாரம் வேண்டும். பேட்டரி அடியோடு செத்துவிட்டால், எத்தனை பேர் தள்ளினாலும் வண்டி கிளம்பாது. 2021-ல் வந்த புது "கிளாசிக்" வண்டியிலும், 2023-ல் வந்த புது புல்லட்டிலும் உதைக்கும் கட்டையையே எடுத்துவிட்டார்கள்.

பழைய மெக்கானிக்குகள் இதைச் சொல்லிப் பெருமூச்சு விடுகிறார்கள். ஆனால் ஒரு நியாயத்தையும் சொல்லவேண்டும். 18,000 அடி உயரத்தில் காற்றழுத்தம், கடலோரத்தில் இருப்பதில் பாதிதான். கார்புரேட்டருக்கு அது தெரியாது. வழக்கம்போல் பெட்ரோலைக் கொடுக்கும். கறுப்புப் புகை வரும். பிளக்கில் கரி பிடிக்கும். மலை ஏறமுடியாமல் வண்டி திணறும். பிளக்கைக் கழற்றி உப்புத்தாளால் தேய்த்துத் தேய்த்தே பாதிப் பயணம் போய்விடும். புது வண்டியோ காற்றைத் தானே அளந்து, பெட்ரோலைத் தானே குறைத்துக்கொள்கிறது. அடிக்கடி கெட்ட வண்டிக்குத்தான் அடிக்கடி வித்தை தேவைப்பட்டது!

டயர், வயர், செயின், ஒழுக்கு. இவை மட்டும் இன்றும் மாறவில்லை. புது வண்டியில் மலைக்குப் போகிறவர்களின் பையைத் திறந்து பாருங்கள். ரப்பர் திரி, காற்றடிக்கும் பம்ப், இரண்டு வயர், செயின் லாக், எம்-சீல் பசை, டேப், கட்டுக் கம்பி எல்லாம் இருக்கும். ஒரு மூலையில் சோப்பும் இருக்கும்.

மஞ்சள்தூள் போட்ட ஜீப் என்ன ஆயிற்று என்று கேட்பீர்கள்.

அன்று இரவு ஜமுனாமரத்தூரில் தங்கினோம். மறுநாள் காலை சித்தி பொங்கல் வைத்தார். மஞ்சள் இல்லாமல்தான்! பிறகு மெதுவாக மலை இறங்கிப் போளூருக்கு வந்தோம். அங்கே ஒரு பட்டறையில் வண்டியை விட்டோம்.

மெக்கானிக் வயதானவர். ரேடியேட்டரின் அடித் திருகைத் திறந்தார். மஞ்சள் மஞ்சளாகத் தண்ணீர் கொட்டியது. மூன்று முறை தண்ணீர் விட்டுக் கழுவினார். அப்போதும் மஞ்சள் போகவில்லை. தூள் உள்ளே தங்கிவிட்டால் நல்ல குழாயையும் அடைத்துவிடும் என்று சொல்லி, நான்காவது முறையும் கழுவினார். பிறகு ஓட்டையில் ஈயம் வைத்து அடைத்தார்.

வேலை முடிந்ததும் கையைத் துடைத்துக்கொண்டே சித்தியிடம் வந்தார்.

"மஞ்சள் சரிங்கம்மா. பருப்பும் புளியும் போட்டிருந்தா, இன்னிக்குச் சாம்பாரே ஆயிருக்கும்!" என்றார்.